பெயர் சென்ற வழியும் நிலம் சென்ற வழியும்

வர்ஜீனியாவில் குடியேறிய வாஷிங்டன் குடும்பத்துக்கு வமிசாவளி எழுதுவதைப் போல் சுலபமான காரியம் வேறில்லை. 1657-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து கரை சேர்ந்த ஜான், அவர் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் ஜார்ஜ் என்று நான்கே படிகளில் ஏறி, அமெரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதியின் வாசலில் போய் நின்றுவிடலாம். பள்ளிப் புத்தகங்கள் அவ்வாறுதான் செய்கின்றன. போதாததற்கு அப்படிகளை இங்கிலாந்தின் பழைய அரசர்கள் வரையில் கீழிறக்கி மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆனால், அக்குடும்பத்தின் பெயரை விட்டுவிட்டு, அது உழுது பயிரிட்ட மண்ணை, முக்கியமாக மவுண்ட் வெர்னன் என்று பிற்காலத்தில் பிரசித்தி பெற்ற பொட்டோமாக் நதிக்கரைப் பூமியை, நிலப் பட்டயம், கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, மரண சாசனம், ஆஸ்தி ஜாபிதா முதலிய தஸ்தாவேஜுகளின் துணைகொண்டு பின்தொடர்ந்து செல்பவனுக்கு, வேறொரு வமிசாவளி எதிர்ப்படுகிறது. தகப்பனுக்குப் பின் மகன் என்ற நேர்கோடு அதில் கிடையாது. மகள், மறுமணம் புரிந்த விதவை, நாலு வயதில் மாண்டுபோன சிறுமி என்று அது பெண்களின் கையைத் தொட்டுத் தொட்டே நகர்கிறது. பெயர் ஆண்வழியே போயிற்று. நிலம் பெரும்பாலும் பெண்வழியே வந்தது. இக்கட்டுரையில் நான் எடுத்துக்காட்ட விரும்புவது இவ்வளவே.

முதல்வராகிய ஜான் வாஷிங்டன் குடியேறும் எண்ணத்தோடு வந்தவரல்லர். எஸ்ஸெக்ஸில் பர்லி என்னும் ஊரின் தேவாலயக் குருவாக இருந்த அவருடைய தந்தை, உள்நாட்டுப் போரின்போது 1643-இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டதால், பிள்ளைகளுக்கென்று வைத்துப் போக அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. மகன் கப்பலேறினார். ‘கடற்குதிரை’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அக்கப்பல், புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் பொட்டோமாக் நதியில் தரைதட்டிப் புயலில் சிக்கவே, சரக்கு பாழாயிற்று. கப்பலின் துணை அதிகாரியாக வந்த ஜான், அந்த இடைவேளையில் நாட்டைப் பார்த்து, அங்கேயே தங்கிவிடத் துணிந்தார். கப்பலுக்கு உடையவரான எட்வர்டு பிரெஸ்காட்டோ, கணக்குத் தீர்க்காமல் அவரை விட மறுத்தார். அந்தச் சமயத்தில், நத்தேனியல் போப் என்ற செல்வந்தர், அந்த இளைஞருக்காகத் தாம் நீர்நாய் இனத்தைப் போன்ற பீவர் என்னும் பிராணியின் தோல்களைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பதாக முன்வந்தார் என்று வெஸ்ட்மோர்லாண்ட் ஜில்லா நீதிமன்றத்தின் ஏடு சொல்கிறது. தாராள மனம்தான், ஆயினும் அதற்குப் பின்னணி இல்லாமலில்லை. மறு ஆண்டு போப்பின் மகள் ஆனுக்கும் ஜானுக்கும் விவாகம் நடந்தது. சீதனமாக மாட்டாக்ஸ் ஓடைக்கரையில் 700 ஏக்கர் நிலமும், தொழில் தொடங்குவதற்கு 80 பவுன் கடனும் கிடைத்தன. போப் இறந்தபோது அவருடைய மரண சாசனம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தது. வாஷிங்டன்களின் முதல் நிலம், ஆகவே, பட்டயத்தின் வழியே வந்ததன்று. மனைவியின் வழியே வந்தது.

அவர்களுடைய மூத்த மகன் லாரன்ஸ் எப்போது பிறந்தான் என்பதைத் தெரிவிப்பது ஒரு விசித்திரமான காகிதம். பிரெஸ்காட்டின் மற்றொரு கப்பலில் எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டித் தூக்கிலிட்டுவிட்டார்கள். அக்கொடுமையைக் குறித்து மேரிலாண்ட் அரசாங்கத்தில் புகார் செய்தவர் ஜான் வாஷிங்டன். விசாரணைக்கு நாள் குறித்து, சாட்சி சொல்ல வருமாறு அவரை அழைத்தபோது, 1659 செப்டம்பர் மாத இறுதியில் அவர் எழுதிய பதிலில், அந்நாளில் தம் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடத்தவிருப்பதாகவும், விருந்தினரையெல்லாம் முன்னமே அழைத்தாகிவிட்டதென்றும் சொல்லி, வர இயலாமைக்கு வருந்தினார். சாட்சி இல்லாமையால் பிரெஸ்காட் விடுதலையானார். கொலையுண்ட ஒரு பெண்ணின் வழக்கு நீதிமன்றத்தில் நின்றுபோன அதே காகிதம், ஒரு பிள்ளையின் பிறப்பை நமக்கு நிலைநாட்டித் தருகிறது. குடும்ப சரித்திரக்காரர்கள் இந்தக் கடிதத்தைக் கண்டு ஆனந்தப்படுவது இயல்பே. எனக்கென்னவோ எலிசபெத் ரிச்சர்ட்சனின் நினைவுதான் முந்திக்கொண்டு வருகிறது.

இனி மவுண்ட் வெர்னனுக்கு வருவோம். 1674-இல், லிட்டில் ஹண்டிங் ஓடைக்கும் அடுத்த ஓடைக்கும் இடையே 5,000 ஏக்கர் நிலம், ஜான் வாஷிங்டனுக்கும் நிக்கலஸ் ஸ்பென்ஸருக்கும் கூட்டாகப் பட்டயம் செய்யப்பட்டது. அக்காலத்து வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கப்பற்கூலி கொடுத்துக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது விதி. நூறு பேரைக் கொண்டுவந்ததற்கு ஈடாகக் கேட்கப்பட்டது இந்த ஐயாயிரம். அந்த நூறு பேரில் எத்தனை பேர் நிஜமாக வந்திறங்கினார்கள், எத்தனை பேர் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் ஏறியவர்கள் என்பது போன்ற கேள்விகளைப் பட்டயத்தைப் படிப்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே தலையை இரண்டு கணக்கில் எண்ணுவது அந்நாட்டில் அபூர்வமன்று. ஸ்பென்ஸர் மற்றொரு வகையிலும் வசதியுள்ளவர். நதிகளுக்கு இடைப்பட்ட அந்த வடபகுதி முழுவதற்கும் ராஜ சாசனத்தின்படி உரிமை பூண்டிருந்த கல்பெப்பர் பிரபுவுக்கு அவர் உறவினர். பிரபுவின் காரியங்களைப் பார்த்துக்கொண்டவரும் அவரே.

பட்டயத்தில் இல்லாத ஒரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தவர்கள் டோக் என்னும் பழங்குடியினர். அவர்கள் விற்றதாகவோ கொடுத்ததாகவோ அந்தப் பட்டயத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. எஞ்சியிருப்பதெல்லாம் எல்லைக் குறிப்பில் வரும் ஓடையின் பெயர்தான். அது இன்றைக்கும் டோக் ஓடை. பட்டயம் பெற்ற மறு ஆண்டு, சஸ்குவஹன்னாக் கோட்டையை முற்றுகையிட்ட குடிப்படையின் தலைவர்களுள் ஜான் வாஷிங்டனும் ஒருவர். சமாதானம் பேச வெளிவந்த அந்த இனத்துத் தலைவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். ஊர்களை விழுங்குபவன் என்ற பொருளில் பழங்குடியினர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்களென்றும், பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கொள்ளுப்பேரனுக்கும் அதுவே வந்து சேர்ந்ததென்றும் சொல்வார்கள். பதிவு அலுவலகத்தில் ஏறாத பிதிரார்ஜிதம் அது.

இவ்விடத்தில் சற்று நின்று, இந்தக் காகிதங்களைப் படிக்கும் முறையைப் பற்றிச் சொல்லாமற்போனால், மேலே சொல்லப்போவதில் குழப்பம் நேரிடும். நம் கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி எழுதும்போது கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று எழுதுவதைப் போல, அவர்கள் ஓர் ஓக் மரத்தில் தொடங்கி, திசைகாட்டியின் பாகைப்படி இத்தனை கோல் நடந்து ஒரு ஹிக்கரி மரம், அங்கிருந்து ஓடையின் முகத்துவாரம், பின்பு தொடங்கிய மரம் என்று எழுதுவார்கள். கோல் என்பது பதினாறரை அடி. மரம் பட்டுப்போனால் எல்லையும் பட்டுப்போகும் என்பதை அறிந்த சட்டசபை, நான்காண்டுக்கு ஒருமுறை அண்டை நிலத்தார் கூடி எல்லையைச் சுற்றி நடந்து, மரங்களின்மேல் கொத்தியிருக்கும் அடையாளங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆண்டுக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். 1752 வரையில் அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததாகையால், ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. நம் கணக்கில் 1732 பிப்ரவரி 22. இதை மறந்தவர்கள், தகப்பன் இறந்தபின் எழுதப்பட்ட சாசனத்தைத் தகப்பனே எழுதியதாகக் காட்டிவிடுவார்கள். எல்லாவற்றினும் மோசமானது ஜில்லாக்களின் பிரசவம். மவுண்ட் வெர்னன் நிலம் ஓரங்குலமும் அசையாமலிருக்க, அதற்குரிய நீதிமன்றம் மட்டும் வெஸ்ட்மோர்லாண்ட், 1664-இல் ஸ்டாஃபோர்டு, 1731-இல் பிரின்ஸ் வில்லியம், 1742-இல் ஃபேர்ஃபாக்ஸ் என்று மாறிக்கொண்டே போயிற்று. ஒரே குடும்பத்தின் காகிதங்களுக்காக நான்கு கச்சேரிகளின் படியேற வேண்டும். அவற்றுள் ஸ்டாஃபோர்டின் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

ஜான் 1677-இல் இறந்தார். கூட்டுச் சொத்து 1690-இல் பாகம் பிரிக்கப்பட்டு, அவர் மகன் லாரன்ஸுக்கு ஏறக்குறைய 2,500 ஏக்கர் வந்தது. 1698-இல் லாரன்ஸ் எழுதிய மரண சாசனத்தில்தான் நம் விஷயத்தின் முதல் திருப்பம் நிகழ்கிறது. அவருக்கு ஜான், அகஸ்டின் என்று இரண்டு பிள்ளைகள் இருந்தும், லிட்டில் ஹண்டிங் ஓடை நிலத்தை அவர் எழுதிவைத்தது சின்னஞ்சிறு குழந்தையாயிருந்த மகள் மில்ட்ரெடுக்கு. மூத்தவனுக்கே முழு நிலமும் என்ற ஆங்கிலேய தர்மம் உயில் இல்லாதபோது மட்டுமே செல்லுபடியாகும். உயில் எழுதுகிறவன் தன் இஷ்டப்படி பங்கிடலாம். வசிக்கும் இடத்தை அடுத்த நல்ல நிலங்களைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வடக்கே காடு மண்டிக்கிடந்த தொலைநிலத்தை மகளுக்குத் தந்தார் என்று கொள்வதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. அன்றைய மதிப்பில் அது பெரிய சொத்தன்று.

லாரன்ஸின் மனைவியின் பெயரும் மில்ட்ரெடே. அந்த அம்மாள் ஜார்ஜ் கேல் என்ற வர்த்தகரை மறுமணம் செய்துகொண்டு, மூன்று குழந்தைகளோடு இங்கிலாந்தின் ஒயிட்ஹேவனுக்குக் கப்பலேறி, 1701-இல் அங்கேயே காலமானாள். பிள்ளைகளின் போஷணையைப் புதிய கணவரிடம் ஒப்படைத்து அவள் ஓர் உயில் எழுதியிருந்தாள். அகஸ்டினை ஆப்பிள்பி என்னும் ஊர்ப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வர்ஜீனியாவிலிருந்த ஒரு தாயாதி, முதல் கணவனின் ஆஸ்தி அந்நியன் கைக்குப் போவதாவது என்று வழக்குத் தொடுத்தார். அவர் பக்கம் வழக்கு முடிந்து, 1704 வாக்கில் குழந்தைகள் கடல் தாண்டித் திரும்பி வந்தார்கள். அந்தத் தாயாதி சும்மா இருந்திருந்தால் அகஸ்டின் ஒயிட்ஹேவனில் ஒரு கம்பெனிக் கணக்கராக ஆயுளை முடித்திருப்பார் என்று ஊகிப்பது ஆய்வாளனுக்கு அழகன்று. ஆனாலும் அந்த ஊகம் வராமலிருப்பதில்லை.

மகள் மில்ட்ரெட், ரோஜர் கிரிகரி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். 1726-இல் அத்தம்பதிகள் அந்த நிலத்தை 180 பவுனுக்கு அகஸ்டினுக்கு விற்றார்கள். விவாகமான ஸ்திரீயின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் அக்காலச் சட்டத்தில் கணவனைச் சார்ந்தது. ஆனால் அவள் சம்மதமின்றி அவள் நிலத்தை அவன் நிரந்தரமாக விற்க முடியாது. ஆகவேதான் இப்படிப்பட்ட கிரயங்களில் மனைவியின் பெயரும், சில இடங்களில் அவளைத் தனியே அழைத்து விசாரித்த குறிப்பும் காணப்படுகின்றன. வமிசாவளி தேடுகிறவனுக்கு இதைப்போல உபகாரமான வரி வேறில்லை. கணவன் விற்கும் பத்திரத்தில் மனைவி ஏன் வருகிறாள் என்று கேட்டுப் பின்னோக்கிப் போனால், பல சமயங்களில் அவளுடைய தகப்பனின் உயிலில் போய் நிற்போம்.

அகஸ்டின் 1743 ஏப்ரலில், உயில் எழுதிய மறுநாள் இறந்தார். லிட்டில் ஹண்டிங் ஓடை, முதல் மனைவியின் மகனாகிய லாரன்ஸுக்கு; போப்ஸ் ஓடைப் பண்ணை, அவருடைய தம்பி இளைய அகஸ்டினுக்கு; இரண்டாம் மனைவி மேரி பாலின் மூத்த பிள்ளையும் பதினொரு வயதுச் சிறுவனுமாகிய ஜார்ஜுக்கு, ராப்பஹான்னாக் நதிக்கரையில் குடும்பம் வாழ்ந்துவந்த ஃபெரி பண்ணையும் பத்து அடிமைகளும். மேரியம்மாளும் வெறுங்கையோடு வந்தவளல்லள். அவள் தகப்பனார் 1711-இல் எழுதிய உயிலின்படி 400 ஏக்கர் அவளுக்கு உரியதாயிருந்தது. மகன் வயது வந்தும் அந்த அம்மாள் ஃபெரி பண்ணையை விட்டு நகர்ந்தது 1772-இல்தான். சட்டம் யாருக்கு என்று சொல்லிற்றோ அவருக்கும், அடுப்பு மூட்டி ஆண்டவருக்கும் இருபது வருஷ வித்தியாசம்!

அகஸ்டின் இறந்த கோடைகாலத்தில் எடுக்கப்பட்ட ஆஸ்தி ஜாபிதா, என் அபிப்பிராயத்தில், அக்குடும்பத்தைப் பற்றிய எல்லாக் கதைகளையும்விடச் சுவையானது. நீதிமன்றம் நியமித்த அண்டை வீட்டார் சிலர் அறை அறையாகப் புகுந்து, கூடத்தில் என்ன, படுக்கையறையில் என்ன, மாடியில் என்ன என்று கட்டில், மெத்தை, கண்ணாடி, மேஜைத்துணி வரையில் விலை போட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் நடந்த வரிசையிலேயே வீட்டின் உருவம் தெரிந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் போய்விட்ட அந்த வீட்டின் அஸ்திவாரத்தை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டறிந்து 2008-இல் அறிவித்தார்கள். அதன் மேல் மறுபடி வீடெழுப்பியபோது எந்த அறையில் எதை வைப்பது என்பதற்கு இந்த ஜாபிதாவே ஆதாரமாயிற்று. சிறுவன் ஜார்ஜ் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மை பேசிய கதை, வீம்ஸ் என்ற பாதிரியாரின் புத்தகத்தில் 1806-இல் முளைத்தது. ஜாபிதா எடுத்தவர்களின் எழுதுகோலில் அப்படி மரம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அதே தாள்களில், கட்டில் மெத்தைகளோடு, மனிதர்களின் பெயர்களும் எதிரே விலையும் இருக்கின்றன. அவர்களைப் பற்றிப் பின்னால் வரும்.

ஜார்ஜின் தமையன் லாரன்ஸ், தாம் கடற்போரில் யார் கீழ் பணியாற்றினாரோ அந்த வெர்னன் தளபதியின் பெயரைத் தம் பண்ணைக்கு இட்டு, க்ஷயரோகத்தால் 1752 ஜூலையில் மாண்டார். அவருடைய உயில் பண்ணையைக் குழந்தை சாராவுக்கு எழுதிவைத்தது. சாரா சந்ததியின்றி இறந்தால் விதவை ஆன் ஃபேர்ஃபாக்ஸுக்கு ஆயுட்கால அனுபோகம். அவளுக்கும் பின்னால்தான் தம்பி ஜார்ஜ். 1754-இல் சாரா இறந்தாள். ஆன் அதற்கு முன்பே ஜார்ஜ் லீ என்பவரை மணந்து வேறூர் போய்விட்டிருந்தாள். அந்த ஆண்டு டிசம்பர் 17-இல் எழுதப்பட்ட குத்தகைச் சீட்டின்படி, பிற்காலத்து ஜனாதிபதி, தமையன் மனைவிக்கும் அவளுடைய புதுக் கணவருக்கும் ஆண்டொன்றுக்கு 15,000 ராத்தல் புகையிலையோ அதற்குரிய பணமோ கொடுத்துவர ஒப்புக்கொண்டு, வீட்டையும் நிலத்தையும் பதினெட்டு அடிமைகளையும் எடுத்துக்கொண்டார். மவுண்ட் வெர்னனின் புகழ் பெற்ற எஜமானர் ஆறு வருஷத்துக்கு மேல் அங்கே குத்தகைக்காரர். 1761 மார்ச்சில் ஆன் இறந்த பிறகே மண் அவருடையதாயிற்று.

அதற்குள் அவர் வேறொரு விதவையின் ஆஸ்திக்கும் பொறுப்பாளராகியிருந்தார். டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். 17,500 ஏக்கருக்கு மேல் நிலம், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அடிமைகள், இரண்டு குழந்தைகள், மார்த்தா என்னும் இருபத்தாறு வயது மனைவி. உயில் இல்லாமையால் சட்டமே பங்கிட்டது: விதவைக்கு மூன்றிலொரு பங்கு, அதிலும் நிலமும் அடிமைகளும் அவள் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், அவளுக்குப் பின் கஸ்டிஸ் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும். 1705-ஆம் வருஷத்துச் சட்டமொன்று வாரிசுரிமைக்காக அடிமைகளை ஸ்தாவர சொத்தென்றே வைத்தது. மரத்தையும் மடுவையும் போல. 1759 ஜனவரியில் மார்த்தாவை மணந்தபோது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வந்தது இந்த மூன்றிலொரு பங்கின் நிர்வாகம்தான்.

பெண்வழி என்று நான் சொல்லிவந்தது மிகக் கொடிய அர்த்தம் பெறுவது இங்கேதான். அடிமைத் தாயின் குழந்தை, தகப்பன் யாராயினும் அடிமையே என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் செய்தது. ஆகையால் கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த ஒருத்திக்குப் பிறந்த குழந்தைகளும் கஸ்டிஸ் பங்கு. வாஷிங்டனுடைய சொந்த அடிமையை அவள் மணந்திருந்தாலும் அதேதான். 1799 கோடையில் ஜார்ஜ் வாஷிங்டன் தம் உயிலை எழுதிய காலத்தில் தயாரித்த ஜாபிதாவில், தமக்குரியவர்கள் 123 பேர், கஸ்டிஸ் பங்கு 153 பேர் என்று இரு பத்தியாகப் பெயர்களை எழுதி, யார் யாரை மணந்திருக்கிறார்கள், எந்தப் பண்ணை, என்ன தொழில் என்றும் குறித்திருக்கிறார். தம்முடையவர்கள் மார்த்தாவின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும், அவர்களுள் வில்லியம் லீ என்பவர் மட்டும் உடனே என்பது உயில். மார்த்தா அவ்வளவு காலம் காத்திராமல் 1801 ஜனவரி முதல் தேதியே அவர்களை விடுவித்தாள். ஆனால் மறு பத்தியில் இருந்தவர்களை விடுவிக்க அவளாலும் முடியாது, அவராலும் முடிந்திருக்காது. கணவன் ஒரு பத்தியிலும் மனைவி மக்கள் மறு பத்தியிலுமாக இருந்த குடும்பங்கள், 1802-இல் மார்த்தா இறந்தபின் அவளுடைய நான்கு பேரன் பேத்திகளுக்கிடையே பங்கிடப்பட்டன. கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த பெட்டியின் மகள் ஓனா ஜட்ஜ், 1796 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜனாதிபதியின் இல்லத்திலிருந்து தப்பி ஓடி நியூ ஹாம்ப்ஷயரில் 1848 வரை வாழ்ந்தாள். தகப்பன் வெள்ளைக்காரத் தையற்காரன் என்பது அவளுக்கு ஒன்றும் உதவவில்லை. இறக்கும் நாள்வரை, ஏட்டின்படி, அவள் ஒரு விதவையின் மூன்றிலொரு பங்கின் துண்டு.

அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியார் தம் முன்னோரைத் தேடும்போது, எஜமானர்களின் உயில்களையும் ஜாபிதாக்களையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அங்கேயும் தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டே மேலேற வேண்டும். வாஷிங்டன் குடும்பத்தாருக்கோ தாய்வழியைத் தேட வேண்டிய அவசியமே தோன்றவில்லை, பெயர் போதுமானதாயிருந்தது.

ஜார்ஜ் வாஷிங்டனின் உயில் 1800 ஜனவரியில் ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் பதிவாயிற்று. மார்த்தாவின் உயில் 1802 ஜூனில். முழு உரிமையோடு அவளுக்கிருந்த ஒரே அடிமையான எலிஷ் என்பவனைப் பேரனுக்கு எழுதிவைத்ததும் அதில் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, கணவருடைய உயிலின் அருமையை அறிந்த நீதிமன்ற எழுத்தர் அதைப் பத்திரமாக ரிச்மண்டுக்கு எடுத்துச் சென்றார். மனைவியின் உயில் ஃபேர்ஃபாக்ஸிலேயே கிடந்தது. 1862-இல் அங்கே முகாமிட்ட வடநாட்டுப் படை அதிகாரி ஒருவர், குவிந்து கிடந்த காகிதங்களுக்கிடையே அதைக் கண்டெடுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மகள் அதைக் கோடீசுவரர் ஜே. பி. மார்கனுக்கு விற்றாள். திருப்பித் தருமாறு வர்ஜீனியா கேட்க, மார்கனின் மகன் மறுக்க, அந்த ராஜ்யம் ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகு, 1915-இல் அது ஃபேர்ஃபாக்ஸுக்குத் திரும்பி வந்து கணவருடைய உயிலின் பக்கத்தில் சேர்ந்தது.